ஆவணமில்லா வாழ்வில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

அமெரிக்காவில் குடியேற்ற ஆவணங்கள் இன்றி வாழ்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை. "எந்த விசாவில் வந்தீர்கள்?" என்று பக்கத்து வீட்டார் கேட்டால் பேச்சை மாற்றுவது குற்றமுமல்ல, என் கணக்கில் பாவமுமல்ல. அதிகாரியிடமும்கூடத் தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 5-ஆவது திருத்தம் அளிக்கிறது. ஆனால் வேலையில் சேரும்போது தரப்படும் ஐ-9 படிவத்தில், 'அமெரிக்கக் குடிமகன்' என்பதற்கு எதிரே உள்ள சிறு கட்டத்தில் குறியிடுவது வேறு விஷயம். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னவர் பின்னாளில் குடிமகன் ஒருவரையே மணந்தாலும், கிரீன் கார்டுக்கான வழி பெரும்பாலும் நிரந்தரமாக அடைபட்டுவிடும். ஏற்கெனவே குறியிட்டிருந்தால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது அவரது தொழில்கடமை. (ஆவணச் சான்றாளரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'நோட்டாரியோ' என்று பலகை மாட்டியிருப்பவர் அமெரிக்காவில் வழக்கறிஞர் அல்லர்.)

பிள்ளைகளிடம் சொல்வதுதான் கடினம். 1982-இல் உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் அளித்த தீர்ப்பால் பள்ளிக் கதவு அவர்களுக்குத் திறந்திருப்பதால், தங்கள் நிலையை அறியாமலேயே பலர் வளர்கிறார்கள். ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் வரிசையில் நின்று அதை அறிய நேர்வதற்கு முன்பே, வீட்டில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். தவறு அவர்களுடையது அல்ல என்பதையும், தோழியிடம் சொல்லும் ஒரு வார்த்தை அம்மாவையும் அண்ணனையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதையும் அதே அமர்வில் விளக்குங்கள்.