அடிக்குறிப்பில் வரும் சுருக்கக் குறியீடுகளைப் படிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் சங்க இலக்கியம் கற்க விரும்பும் மாணவர் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்பவை ஒன்றிரண்டு பழைய ஆய்வு நூல்களே. அவற்றின் அடிக்குறிப்புகள் விளங்காவிடில், ஆய்வாளர் கூறுவதை மூலத்தோடு ஒப்பிட வழியின்றி அப்படியே ஏற்க நேரும்.

முதலில் நூலின் முன்பகுதியில் சுருக்கக் குறியீட்டு விளக்கம் உள்ளதா என்று பாருங்கள். அப்பக்கம் கிழிந்து போயிருந்தால், புள்ளிக்கு முன் நிற்கும் எழுத்துகளை நூற்பெயரின் தொடக்கமாகவும் அடுத்து வரும் எண்ணைப் பாடல் எண்ணாகவும் கொள்ளுங்கள். 'புறம். 192' என்பது புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடிய 'யாதும் ஊரே' என்னும் பாட்டு. 'சிலப். 20:50' என இரண்டு எண்கள் வந்தால் முன்னது காதை (சிலப்பதிகாரத்தின் உட்பிரிவு), பின்னது அடி. வழக்குரை காதையில் கண்ணகி 'தேரா மன்னா' என்று தொடங்கும் இடம் அது. 'மேலது' என்றிருந்தால் முந்தைய குறிப்பிலுள்ள நூலையே மீண்டும் பாருங்கள்.

ஒரே சுருக்கம் இரண்டு பெயர்களைக் குறிப்பதும் உண்டு. எங்கள் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் ஒரு மாணவி, குறள் எண்ணை அடுத்து வந்த 'பரி. உரை' என்பதைப் பரிபாடல் உரை என்று எண்ணி ஒரு வாரம் தேடிக் களைத்தாள். அங்கே அது பரிமேலழகரைக் குறிக்கிறது. 'பரி.' என்பதற்குப் பின் பாடல் எண் வந்தால் பரிபாடல்; குறளுக்குப் பின் வந்தால் உரையாசிரியர்.

எண்ணே சில வேளைகளில் பொருள் சொல்லும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அகநானூற்றில் பாடல் எண்ணே அதன் திணையைக் காட்டும்: ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகவே 'அகம். 86' என்று கண்டவுடனே, பாட்டைத் திறக்கும் முன்பே, அது மருதம் என்று சொல்லிவிடலாம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமையால் 'பதிற்.' எண்கள் 11 முதல் 90 வரையே வரும்.

மிகுந்த கவனம் வேண்டுவது தொல்காப்பியம். 'தொல். சொல். 1, சேனா.' என்பது சொல்லதிகார முதல் நூற்பாவுக்கு (சூத்திரத்துக்கு) சேனாவரையர் எழுதிய உரை. ஓர் உரையாசிரியர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரித்திருப்பதால், இளம்பூரணர் பதிப்பின் எண் நச்சினார்க்கினியர் பதிப்பின் எண்ணோடு பொருந்தாமல் போகலாம். எனவே 'இளம்.', 'நச்.' என்னும் குறிப்பைக் கண்டறிந்து அதே உரைப்பதிப்பில் தேடுங்கள். அது கிடைக்காதபோது, கையிலுள்ள பதிப்பில் அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள சில நூற்பாக்களையும் படித்துப் பாருங்கள்.