நாடகத்தில் முதுநிலைப் படிப்பு: எங்கே சேரலாம், எப்படி விண்ணப்பிப்பது

டிகிரி முடித்துவிட்டு நாடகம் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது விண்ணப்பத் தேதியை. அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: படித்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? நடிக்கவா, இயக்கவா, அரங்கமைப்பும் ஒளியமைப்பும் செய்யவா, கல்லூரியில் பாடம் நடத்தவா? பதிலைப் பொறுத்துப் போக வேண்டிய இடம் மாறும், தேர்வு முறையும் மாறும். ஒரே தயாரிப்பை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போகிறவர்கள்தான் எல்லா இடத்திலும் பாதி வழியில் நின்றுபோகிறார்கள்.

செய்முறைப் பயிற்சிதான் வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது டெல்லி தேசிய நாடகப் பள்ளி, எல்லோரும் சொல்லும் பெயரில் என்.எஸ்.டி. 1959இல் சங்கீத நாடக அகாதமியின் கீழ் தொடங்கி, 1975இல் தனி அமைப்பானது. மூன்று வருடம், முழு நேரம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும்; மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. முதல் வருடம் எல்லோருக்கும் பொது. நடிப்பா, இயக்கமும் வடிவமைப்புமா என்ற பிரிவு அதற்குப் பிறகுதான். கையில் கிடைப்பது டிப்ளமா என்றதும் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதை எம்.ஏ.வுக்குச் சமமாக ஏற்றிருக்கிறது. ஆசிரியர் பணிக்கும் பிஎச்.டி. பதிவுக்கும் அது செல்லும்.

இன்னொரு வழி பல்கலைக்கழகம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலுள்ள நிகழ்கலைப் பள்ளி, இரண்டு வருட எம்.பி.ஏ. நடத்துகிறது. இந்த எம்.பி.ஏ. (MPA) நிர்வாகப் படிப்பு (MBA) இல்லை, நிகழ்கலை முதுகலை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கவனம். தமிழ் மாணவருக்கு மொழியும் சோறும் பழகிய இடம் என்பதால் பலர் இங்கேதான் முதலில் முயல்கிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப் பள்ளியிலும் இதே பட்டம் உண்டு. திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977இல் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கியது. மலையாளம் காதில் ஏறாமல் அங்கே காலம் தள்ளுவது கஷ்டம். மேடையைவிட நிகழ்த்துதலைப் பற்றிய கோட்பாட்டில் ஆர்வம் என்றால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யூ.) கலை அழகியல் பள்ளி. அங்கே நடிப்புப் பயிற்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

என்.எஸ்.டி.க்கு விண்ணப்பிப்பது

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். வயது 18 முதல் 30 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இந்தியும் ஆங்கிலமும் வேலைக்குப் போதுமான அளவு தெரிய வேண்டும். நாடகத் துறையில் இருக்கும் ஒருவரின் பரிந்துரையும் கேட்பார்கள். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது அடுத்த நிபந்தனையில்: குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும். இந்த எண்களை அந்தந்த வருட அறிவிப்போடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள், மாற்றுவது உண்டு.

6 நாடகம் போட்டவர்களிடம்கூட 6 நாடகத்துக்கான சான்று இருப்பதில்லை. நாடகம் முடிந்த அன்றே சேர்க்க ஆரம்பிக்க வேண்டும்: அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம், பத்திரிகைச் செய்தி, மேடையில் நீங்கள் தெளிவாகத் தெரியும் ஒரு படம். இதோடு குழுவின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அதில் நாடகத்தின் பெயர், எழுதியவர், இயக்கியவர், நடந்த தேதி, இடம், நீங்கள் செய்த வேலை என்ற ஆறு தகவலும் இருக்க வேண்டும். ‘எங்கள் குழுவில் சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஒளியமைப்பு, ஒப்பனை, மேடை நிர்வாகம் செய்திருந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள். நடித்ததாக மாற்றி எழுத வேண்டாம், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். கல்லூரி ஆண்டு விழாவில் போட்ட பத்து நிமிட ஸ்கிட்டை நாடகக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

தேர்வு இரண்டு கட்டம். பல நகரங்களில் முதல்நிலைத் தேர்வு, அதில் தேறுகிறவர்களுக்கு டெல்லியில் சில நாள் பட்டறை. முதல் கட்டத்தில் உங்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். பட்டறையில் மற்றவர்களோடு எப்படி வேலை செய்கிறீர்கள், சொன்னதை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். உடம்பு தயாராக இல்லாமல் போனால் இரண்டாம் நாளே மூச்சு வாங்கும்.

பல்கலைக்கழக வழி: க்யூட் பிஜி

மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் க்யூட் பிஜி (CUET PG) மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. இது தேசியத் தேர்வு முகமை நடத்தும் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு. 75 கேள்வி, சரியான பதிலுக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும், மொத்தம் 300. கணினியில் எழுத வேண்டும், நாடகத்துக்கான தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தமிழில் படித்த விஷயத்துக்குக்கூட ஆங்கிலப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் குறியீடு என்பதைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பார்த்து எடுங்கள். இசைக்கும் நாடகத்துக்கும் தாள் வேறு.

நாட்டிய சாஸ்திரத்தை விட்டுவிட்டு இந்தத் தாளைத் தொட முடியாது. ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், சாத்விகம் என்ற நான்கு அபிநயங்கள், ரசங்கள், மூன்று வகை நாடக அரங்கின் அமைப்பு எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கடுத்து கூடியாட்டம், யட்சகானம், ஜாத்ரா, தமாஷா, தெருக்கூத்து போன்ற மரபு நாடக வடிவங்கள்: எந்த மாநிலம், என்ன இசைக்கருவி, கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் போன்ற பாத்திரத்துக்கு அங்கே என்ன பெயர் என்று ஒரு அட்டவணை போட்டுப் படித்தால் நினைவில் நிற்கும். நாடக ஆளுமைகளில், மேற்கில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட், ஆர்த்தோ, க்ரோடோவ்ஸ்கி. இங்கே பாதல் சர்க்கார், ஹபீப் தன்வீர், இப்ராஹிம் அல்காஸி, ரத்தன் தியம். யார் எந்தக் கருத்தோடு, எந்த அமைப்போடு தொடர்புடையவர் என்ற பொருத்துக கேள்விகள் இந்த மாதிரித் தாள்களில் சகஜம்.

தேர்வு எழுதி மதிப்பெண்ணும் வந்துவிட்டால் இடம் தானாக வரும் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். தேசியத் தேர்வு முகமை தருவது மதிப்பெண் மட்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கடைசித் தேதியும் தனி. நல்ல மதிப்பெண்ணோடு இந்த இடத்தில் வருடத்தை இழப்பவர்கள் உண்டு. செய்முறைத் தேர்வோ நேர்காணலோ கூடுதலாக உண்டா என்பதும் அந்தத் தளத்தில்தான் தெரியும்.

நடித்துக் காட்டும் பகுதி

அழைப்புக் கடிதத்தில் என்ன தயார் செய்ய வேண்டும் என்று இருக்கும், அதை அப்படியே பின்பற்றுங்கள். குறிப்பாக ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு பகுதிகள் போதும், ஒன்றுக்கொன்று நேர்மாறான மனநிலையில், தலா இரண்டு நிமிடம். தமிழில் இரண்டு நிமிடத்துக்கு 150 முதல் 180 சொல் வரை. ஒரு முழுப் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனால், நடுவில் நிறுத்தச் சொல்லும்போது உச்சக்கட்டமே வந்திருக்காது.

முழு நாடகத்திலிருந்து எடுங்கள், சினிமா வசனம் வேண்டாம். சினிமாவில் அந்தக் காட்சியைச் செய்த நடிகர்தான் தேர்வாளர் கண்ணில் நிற்பார், நீங்கள் தெரியமாட்டீர்கள். உங்கள் வயதுக்குப் பக்கத்தில் உள்ள பாத்திரமாக இருக்கட்டும். 22 வயதில் கிழட்டு அரசனாகக் கூன் போட்டு இருமுவது நடிப்பைக் காட்டாது, வேஷத்தைத்தான் காட்டும். யாரிடம் பேசுகிறோம், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும். வெறும் புலம்பல், நினைவுகூரல், முதல் வரியிலிருந்தே கத்தல் ஆகிய மூன்றும் அதிகம் பேர் கொண்டுவருவது, அதிகம் பேர் கழிவதும் இதில்தான்.

உள்ளே போனதும் பெயர், நாடகம், ஆசிரியர் சொல்லி ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். எதிர்ப் பாத்திரத்தைத் தேர்வாளர் தலைக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கண்ணையே பார்த்துப் பேசினால் அவரும் நடித்தாக வேண்டியிருக்கும், குறிப்பெடுக்க முடியாது. முடிந்ததும், “இதையே பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி பண்ணுங்க” என்று ஏதாவது சொல்வார்கள். முதலில் செய்ததையே குரலை மட்டும் தாழ்த்திச் செய்தால் போச்சு. நடை, மூச்சு, கை எல்லாம் மாற வேண்டும். வீட்டில் ஒவ்வொரு பகுதியையும் மூன்று விதமாகச் செய்து பழகிவிட்டால் இது பயமாக இருக்காது. ஒரு பாட்டும் கைவசம் இருக்கட்டும். சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, சுருதி விலகாமல் நாலு வரி பாடினால் போதும்.

வடிவமைப்புக்கோ இயக்கத்துக்கோ போகிறவர் ஒரு கோப்பு தயார் செய்ய வேண்டும். அளவோடு வரைந்த மேடைத் தரைவரைபடம் (1:50 வசதி), விளக்குகள் எங்கே என்ற படம், ஒளி மாறும் இடங்களின் பட்டியல், ஒத்திகைக் குறிப்புகள். கணினியில் அழகாக வரைந்த படங்களைவிட, அடித்துத் திருத்திய ஒத்திகைப் பிரதி ஒன்று அதிகம் பேசும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வேலை முன்கூட்டியே. அமெரிக்காவில் நடிப்பு, இயக்கத்துக்கு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை), பெரும்பாலும் மூன்று வருடம். விண்ணப்பம் பொதுவாக டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். யேல் நாடகப் பள்ளியில் 2021 முதல் கல்விக் கட்டணம் இல்லை, அதனால் போட்டியும் கடுமை. பிரிட்டனில் எம்.ஏ. பெரும்பாலும் ஒரே வருடம், ஆனால் உதவித்தொகை கிடைக்காவிட்டால் செலவு தாங்காது. இந்த விண்ணப்பங்களில் நோக்கக் கட்டுரை முக்கியம். ‘சிறு வயது முதலே கலையில் ஆர்வம்’ என்று தொடங்காமல், நீங்கள் செய்த ஒரு நாடகத்தில் எந்தச் சிக்கலைத் தீர்க்க முடியவில்லை, அதை அந்தப் படிப்பில் யாரிடம், எந்தப் பாடத்தில் கற்க நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

சான்றிதழ்கள்

தமிழ்நாட்டில் வாங்கிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் இல்லை என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வர நாளாகும், நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகவும் கேட்பார்கள். அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் தாமதம்தான்.

கல்லூரி ஆசிரியர் பணியும் அதற்கான தகுதித் தேர்வான நெட்டும் மனதில் இருந்தால் முதுகலையில் 55 சதவீதம் (ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50) தேவை என்பதை முதல் செமஸ்டரிலேயே நினைவில் வையுங்கள். கடைசி வருடம் படித்துக்கொண்டே விண்ணப்பிக்கிறவர்கள் அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் மதிப்பெண் பட்டியல் கொடுத்தாக வேண்டும். ரிசல்ட் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், கல்லூரி முதல்வரிடம் தேர்வு எழுதி முடித்ததற்கான கடிதத்தையும், பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் சான்றிதழுக்கும் இடம்பெயர்வுச் சான்றிதழுக்கும் எவ்வளவு நாள் ஆகும் என்ற விவரத்தையும் மே மாதத்துக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.