மாருதி 800-க்கு வாட்டர் பம்ப்: வீட்டு வாசலிலேயே மாற்றும் முறை

போன மே மாதம் பரனூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர் (என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட்) சொட்டிக்கொண்டிருந்தது. வண்டி 2004 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும் வகை), அப்பா ஆசையாக வாங்கியது. இரண்டு வாரம் கழித்து நானே பம்பை மாற்றினேன். முதல் நாள் தப்பாகப் பூட்டி, மறுநாள் மறுபடி பிரித்தேன். மறுநாள் கற்றுக்கொண்டதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கசிவு பம்பில்தானா என்று பாருங்கள். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் சொட்டும். பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்கில் இறங்காமல் வெளியே வரட்டும் என்று வைத்த வழி அது. அங்கே ஈரமோ, காய்ந்த பச்சை உப்புத் தடமோ தெரிந்தால் பம்ப் முடிந்தது. அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங்கும் போய்விட்டது.

800-இல் பம்பைச் சுற்றுவது ஃபேன் பெல்ட்தான். ஆனால் பம்பைக் கழற்ற, கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சேர்த்துச் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட்டையும் எடுத்தாக வேண்டும். அதனால் பம்ப் வாங்கும்போதே டைமிங் பெல்ட், அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனர், ஃபேன் பெல்ட் மூன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோடு இருக்கிறது. பழைய சாமான் தேடி புதுப்பேட்டைக்குப் போகாதவர் இல்லை, நானும் போவேன். ஆனால் பம்பும் பெல்ட்டும் பழசு வாங்கவே கூடாது. கடையிலேயே புதுப் பம்பின் தண்டைச் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பில்லாமல் சுற்ற வேண்டும்.

கருவிகளில் டபாரியா ரிங் ஸ்பேனர் செட்டும் ஒரு நல்ல ராட்செட்டும் போதும். ஓபன் ஸ்பேனரால் 10, 12 மி.மீ. அளவு போல்ட்டுகளைத் திருகினால் மூலை மழுங்கிவிடும், ரிங்கோ சாக்கெட்டோதான் போட வேண்டும். கடன் வாங்கியாவது, எவ்வளவு பலமாக முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பது

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெல்ட் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள். கூலண்ட்டைப் பேசினில் பிடித்து உடனே மூடி வையுங்கள். அது இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும்.

ஃபேன் பெல்ட், பம்ப் புல்லி, கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றின் போல்ட்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். பம்ப் போல்ட்டுகளின் நீளம் ஒரே மாதிரி இல்லாவிட்டால், அட்டையில் பம்பின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

டைமிங் மார்க்

நான் சறுக்கிய இடம் இது. பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க்கின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டு, கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். கேம் பல்சக்கரத்தின் புள்ளி மேலே உள்ள குறியோடு சேர வேண்டும். கீழே கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளி, ஆயில் பம்ப் உடம்பில் இருக்கும் அம்புக்குறியோடு சேர வேண்டும். வெளிப் புல்லியில் இருக்கும் வெட்டு வேறு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டும் சேர்ந்ததும் வீட்டில் இருக்கும் சிவப்பு நெயில் பாலிஷை எடுங்கள். கேம் பல், அதற்கு நேரான பெல்ட் பல், கிராங்க் பல், அதற்கு நேரான பெல்ட் பல் என்று நான்கு புள்ளி வையுங்கள். காய்ந்த பிறகு பெல்ட்டைக் கழற்றி, இரு புள்ளிகளுக்கும் நடுவே எத்தனை பல் என்று எண்ணி, அதே கணக்கில் புதுப் பெல்ட்டிலும் புள்ளி வையுங்கள். முதல் நாள் நான் இதைச் செய்யவில்லை, கண்ணால் பார்த்ததே போதும் என்று நினைத்துவிட்டேன். பெல்ட்டை எடுத்ததும் வால்வு ஸ்பிரிங் தள்ளி, கேம் சக்கரம் டக்கென்று கொஞ்சம் நகர்ந்தது. அதைக் கவனிக்காமல் ஒரு பல் தள்ளிப் பூட்டினேன். ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் உதறியது, செகண்ட் கியரில் மேடே ஏறவில்லை.

அடுத்த பகுதியில் சொல்லும்படி புதுப் பம்பைப் பூட்டிய பிறகுதான் புதுப் பெல்ட். அதை மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். டென்ஷனரைத் தளர்வாக விட்டு ஸ்பிரிங்கை இழுக்க விடுங்கள். கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, மார்க் மறுபடி சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் டென்ஷனரை முறுக்க வேண்டும். சுற்றும்போது எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்காமல் மறுபடி பிரியுங்கள்.

பம்ப் உட்காரும் முகம்

பம்புக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் வைத்த பழைய கேஸ்கெட், பிளாக்கில் அப்பளம் போல ஒட்டியிருக்கும். உளி, ஸ்க்ரூ டிரைவர் வைத்துச் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே நாளை கசியும். தின்னரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, பழைய பிளாஸ்டிக் கார்டால் தள்ளி எடுங்கள். விரல் நுனியால் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். எனக்கு இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. அனபாண்ட் பசையை அள்ளிப் பூசாதீர்கள், பிதுங்கும் பசை உடைந்து ரேடியேட்டரின் குறுகலான குழாய்களுக்குப் போய் அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, 10 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்குங்கள். அதிகமாக முறுக்கினால் போல்ட்டின் இழை தாங்காது.

தண்ணீர் ஊற்றுவது

என் பழைய பம்பின் இறக்கை துருவில் பாதி கரைந்திருந்தது. நாங்கள் வருடக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரின் வேலை அது. கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை விடுங்கள். காற்றுக் குமிழி வர வர மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். ஃபேன் ஒரு தடவை ஓடி நின்ற பிறகு மூடியைப் போடுங்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிப் போடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் சூடேறாமல் இருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகவே விட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்து வேலை செய்த ஒருவர், எல்லாம் பூட்டிய பிறகு ஒரு ரப்பர் துண்டு மிஞ்சிவிட்டது என்று எழுதினார். பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவே ஒன்று, பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ஒன்று என இரண்டு ரப்பர்கள் உண்டு. பெல்ட் அறைக்குள் தூசியும் தண்ணீரும் போகாமல் காப்பவை அவை. பம்பை முறுக்கியதும், பெல்ட் மாட்டும் முன்பே வைத்துவிட வேண்டும்.

இன்னொருவருக்குப் பத்து கிலோமீட்டரில் முள் மறுபடி ஏறியதாம். அது பெரும்பாலும் உள்ளே மாட்டிய காற்று. காலையில் குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து, முன்பக்கத்தை ஜாக்கியில் கொஞ்சம் தூக்கி வைத்து, மறுபடி ஊற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.