நிறத்தைப் பார்த்து ஒயரை முறுக்காதீர்கள்: பழைய வீட்டு விளக்கை மாற்றும்போது நடக்கும் தவறுகள்

போன வாரம் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். கூரையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஆறு ஒயர்கள் தலைவிரிகோலமாகத் தொங்குகின்றன. கீழே ஒரே ஒரு வரி: "மாமா, சிவப்பெல்லாம் ஒண்ணா, கறுப்பெல்லாம் ஒண்ணா சேர்த்துடவா?"

நல்லவேளை, கேட்டான். நான் அந்த வயதில் யாரையும் கேட்கவில்லை.

மெயினை அணையுங்கள், ஆடாத ஏணியைப் போடுங்கள், ஈரக்கையோடு ஏறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. உங்கள் ஊரில் இந்த வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்று விதி இருந்தால் அவரையே கூப்பிடுங்கள்.

சுவிட்சை நிறுத்தியாச்சே என்ற நம்பிக்கை

பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸில் (மின்சாரம் கொண்டுவரும் ஒயர்) இல்லாமல் நியூட்ரலில் (அது திரும்பிப் போகும் ஒயர்) உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். விளக்கு ஒழுங்காக அணையும், எரியும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எல்இடி பல்பு போட்ட பிறகு, சுவிட்சை நிறுத்தியும் இரவில் மங்கலாக மின்னிக்கொண்டிருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் (சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் விளக்கும் அப்படிச் செய்யும்). மெயினை அணைத்த பிறகும் சோதியுங்கள். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம், அது உங்கள் உடம்பு வழியாகத்தான் எரிகிறது, காய்ந்த மர ஏணியில் நின்றால் மினுக்கென்று எரிவது பகல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. இரண்டு முனை உள்ள டெஸ்டரோ மல்டிமீட்டரோ எடுத்து, முதலில் மின்சாரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் இங்கே, அப்புறம் மறுபடி அங்கே. நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் அது இந்த மூன்றாவது தடவையில்தான் தெரியும்.

நிறம் பார்த்துச் சேர்ப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பழைய வீட்டு நடையில் ஒரு தொங்குவிளக்கு இருந்தது. கொஞ்சம் உயரமானவர்கள் எல்லாரும் அதில் தலையை இடித்துக்கொள்வார்கள், வருடக்கணக்காகக் குனிந்தே போய்க்கொண்டிருந்தோம். ஒருநாள் ஆவேசம் வந்து கழற்றினேன். மேலே மூன்று கேபிள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்து மூன்று சிவப்பையும் ஒரு கனெக்டரில், மூன்று கறுப்பையும் இன்னொன்றில் போட்டு, புது விளக்கின் இரண்டு ஒயர்களையும் அவற்றோடு சேர்த்தேன். மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது. சுவிட்சைத் தொடவே இல்லை, எரிந்தது! அதில் ஏதோ கோளாறு என்று உறைக்கவில்லை, ஏற்கெனவே போட்டிருந்திருப்பேன் என்று சந்தோஷமாகப் போய் சுவிட்சைத் தட்டினேன். படார். ஃப்யூஸ் போய்விட்டது.

ஃப்யூஸ் மாற்றினேன், மறுபடி படார். விளக்கில்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு விளக்கு வாங்கி வந்தேன். அதற்கும் அதே கதை. அப்புறம் ஃப்யூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டேன், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இந்தத் தடவை சுவிட்ச் உள்ளே கருகி, சுவரில் இறங்கிய ஒயரின் ரப்பர் வெந்துபோனது. அந்த ஒயரோ குழாய் இல்லாமல் நேரடியாகப் பூச்சுக்குள் புதைந்திருந்தது, உருவிவிட்டுப் புதியது போட வழியில்லை. கூரையிலிருந்து சுவிட்ச் வரை சுவரை வெட்டி, புது ஒயர் போட்டு, பூசி, வண்ணம் அடித்து முடிக்கப் பல நாள் ஆனது. ஒரு விளக்குக்கு!

நடந்தது இதுதான். பல பழைய வீடுகளில் மின்சாரம் விளக்குக்கு விளக்கு தாவிப் போகும். ஒரு கேபிள் கரண்ட் கொண்டுவரும், இரண்டாவது அதை அடுத்த அறை விளக்குக்கு எடுத்துப் போகும், மூன்றாவது சுவிட்சுக்குக் கீழே இறங்கும். இந்த மூன்றாவதில்தான் பொறி. அதன் சிவப்பு ஃபேஸைச் சுவிட்சுக்குக் கொண்டுபோகிறது, கறுப்பு அதே ஃபேஸைச் சுவிட்ச் வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறது. அந்தக் கறுப்பு நியூட்ரலே இல்லை. அது தனியாக விளக்கின் ஃபேஸ் முனைக்குப் போக வேண்டியது. அதை மற்றக் கறுப்புகளோடு கட்டினால், விளக்கு நேராக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எப்போதும் எரியும், சுவிட்சைப் போட்ட நொடியில் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, இந்தத் தவறு வெற்றி மாதிரியே ஆரம்பிக்கிறது என்பதுதான். விளக்கு எரியாமல் இருந்திருந்தால் யோசித்திருப்பேன். காணொளிகளிலும் பாருங்கள், கூரையிலிருந்து எப்போதும் இரண்டே இரண்டு ஒயர்கள் சமர்த்தாக எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறுகிறவர்களுக்கு ஆறு ஒயரைக் கண்டதும் கை பரபரவென்று ஜோடி சேர்க்கப் போய்விடுகிறது.

நிறத்தை நம்புவதற்கு வேறு தடைகளும் உண்டு. பிரிட்டனில் கறுப்புதான் நியூட்ரலாக இருந்தது, 2004இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு நீலம் நியூட்ரல் ஆனது, கறுப்பு மூன்று ஃபேஸ்களில் ஒன்றின் நிறமாகிவிட்டது. அமெரிக்காவில் வெள்ளை நியூட்ரல், ஆனால் பழைய சுவிட்ச் ஒயரிங்கில் வெள்ளையிலும் ஃபேஸ் ஓடும். எங்கேயாக இருந்தாலும் கையில் கிடைத்த மிச்ச ஒயரை வைத்து வேலையை முடித்த புண்ணியவான் ஒருவர் உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஏறி இறங்கியிருப்பார்.

ஏற்கெனவே கழற்றித் தொலைத்துவிட்டீர்களா? சரி. மெயினை அணைத்து, சோதித்து, எல்லா முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வையுங்கள். மற்ற அறைகளின் பல்புகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்பின் இழை வழியாகவே மீட்டர் தொடர்பு காட்டிக் குழப்பும். மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து ஒவ்வொரு கேபிளிலும் இருக்கும் இரண்டு ஒயர்களின் முனைகளிலும் பிடியுங்கள், வேறொருவர் கீழே சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தட்டும். சுவிட்சைப் போட்டால் மீட்டர் 'பீப்' என்று கத்தி, நிறுத்தினால் அடங்குகிற ஜோடிதான் சுவிட்சுக்குப் போவது. திரும்பி வரும் ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவையுங்கள், அடுத்து ஏறுபவர் உங்களை வாழ்த்துவார். எந்த ஜோடியும் அப்படிக் கத்தவில்லை என்றால், அல்லது மாடிப்படி விளக்குபோல இரண்டு சுவிட்ச் இருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நொறுங்கும் ஒயரை டேப் சுற்றி உள்ளே தள்ளுவது

பழைய குண்டு பல்பின் சூடு மேலே ஏறி ஏறி, விளக்குக்கு அருகில் இருக்கும் சாண் அளவு ஒயரைத்தான் முதலில் வறுத்துவிடும். தொட்டால் ரப்பர் உதிரும். உள்ளே நல்ல நிலையில் நீளம் மிச்சம் இருந்தால் கெட்டதை வெட்டிவிட்டு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். மேலேயும் உதிர்கிறது என்றால் விளக்கு மாற்றும் வேலை அன்றைக்கு முடிந்தது, ஒயர் மாற்றும் வேலை ஆரம்பித்துவிட்டது.

அலுமினிய ஒயரையும் செம்பு ஒயரையும் சேர்த்து முறுக்குவது

அரித்துத் தளர்ந்து சூடாகும். இரண்டுக்கும் பொருந்துவதற்கென்றே செய்த கனெக்டர் வேண்டும்.

விளக்கின் எடையை ஒயரில் தொங்கவிடுவது

கூடாது.

எர்த் இல்லாத இடத்தில் உலோக விளக்கு

பழைய விளக்குப் புள்ளிகள் பலவற்றில் எர்த் ஒயரே (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோவது) கிடையாது. பித்தளையில் அழகாக ஒன்றை வாங்கி வந்துவிட்டு, அதன் பச்சை ஒயரை என்ன செய்வது என்று தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அதை நியூட்ரலோடு கட்டுகிறார்கள், இது அதைவிட மோசம், எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் விளக்கின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறிவிடும். எர்த் இழுங்கள், அல்லது சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். அது இரட்டை இன்சுலேஷன் உள்ளது, எர்த் கேட்காது.

திருகு ஹோல்டரில் ஃபேஸைத் தப்பான பக்கம் கொடுப்பது

ஃபேஸ் நடுப் பொட்டுக்கு, நியூட்ரல் திருகுப் பகுதிக்கு. மாற்றிக் கொடுத்தாலும் எரியும், பல்பு மாற்றும்போது விரல் திருகில் படும்போதுதான் தெரியும்.

மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எல்இடி

விளக்கில் 60 வாட் வரை என்று எழுதியிருக்கிறது, நான் போடுவது 9 வாட்தானே என்பார்கள். விளக்குக்கு ஒன்றும் ஆகாது, சரிதான். பல்புக்குத்தான் ஆகும். எல்இடியின் அடிப்பகுதியில் இருக்கும் சர்க்யூட்டுக்குச் சூடு ஆகாது, காற்றோட்டமில்லாத கிண்ணத்துக்குள் சீக்கிரம் செத்துப்போகும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கலாம், குண்டு பல்புக்குச் செய்த டிம்மருக்கு இந்த 9 வாட் உறைக்காமல் விளக்கு துடிக்கும்.

கழற்றுவதற்கு முன் படம் எடுக்காமல் இருப்பது

அக்கா மகனிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். எடுத்திருந்தான். விளக்கை மட்டும், கீழே நின்று, எரியும்போது, மிக அழகாக.