அறிவுசார் குறைபாடுள்ள பாத்திரம் கைக்கு வந்தால்: நடிகருக்கு ஒரு செய்முறை

கதையைக் கேட்டு முடித்ததும் இயக்குநரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இவருக்கு என்ன குறைபாடு?" என்பதுதான். "கொஞ்சம் மனவளர்ச்சி கம்மி" என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் அறிவுசார் குறைபாடு (கற்பதும் புரிந்துகொள்வதும் தாமதமாவது), ஆட்டிசம் (பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக இருக்கும் வளர்ச்சிக் குறைபாடு), மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராதது), மனநோய் நான்கும் தனித்தனி. மடங்கிய கை, மழலைப் பேச்சு, அபார ஞாபகசக்தி, திடீர் ஆவேசம் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் ஏற்றும்போதுதான் நடிப்பு பொய்யாகத் தெரிகிறது.

'ரெயின் மேன்' (1988) என்ற ஹாலிவுட் படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் கிம் பீக். படித்த புத்தகங்களை அப்படியே நினைவில் வைத்திருந்தவர். ஆனால் அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல. படமோ அந்தத் திறமையை ஆட்டிசம் உள்ள ஒருவருக்குக் கொடுத்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் அப்படிப்பட்ட திறமை சிறுபான்மையினருக்கே உண்டு. உங்கள் கதையில் மேதைமை தேவையில்லை என்றால் அதைக் கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வயது. "மனவயது ஆறு" என்று கதையில் எழுதியிருந்தால், அது பரிசோதனையில் வரும் ஒரு எண் மட்டுமே. 30 வயது ஆணுக்கு 30 வருட அனுபவம் இருக்கிறது. முகத்தில் சவரம், மனதில் ஆசை, பிடிக்காத உறவினர் எல்லாம் இருக்கும். 'மூன்றாம் பிறை'யில் (1982) ஸ்ரீதேவி நடித்தது விபத்தில் நினைவிழந்து குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிய பெண்ணாக. அந்தக் குழந்தைத்தனம் அந்தக் கதைக்கு உரியது. அதை எடுத்துப் பிறவிக் குறைபாடுள்ள பெரியவருக்குப் பொருத்தாதீர்கள். குரலை மெலிதாக்காதீர்கள். கண்ணை அகல விரிப்பது, வாயைப் பாதி திறந்து வைப்பது, தலையைச் சாய்ப்பது ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு ஒரு காட்சியை நடித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால் பாத்திரம் இன்னும் உருவாகவில்லை.

உருவாக்க ஒரு தாளை எடுத்து, இவர் தனியாகச் செய்பவை, சொன்னால் செய்பவை, செய்ய முடியாதவை என்று மூன்று பத்தி போடுங்கள். சட்டைப் பொத்தான், மணி பார்ப்பது, பேருந்து எண், 50 ரூபாய்க்கு மீதி வாங்குவது எல்லாம் இதில் வர வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது லேசானது. தெருவில் பார்த்தால் தெரியாது. தெரிய வருவது, கடைக்காரர் மீதிச் சில்லறையோடு இரண்டு மிட்டாயைச் சேர்த்துக் கொடுக்கும் நேரத்தில்தான்.

பார்த்துப் படிக்கச் சிறப்புப் பள்ளியைவிட, பெரியவர்கள் வேலை செய்யும் தொழிற்பயிற்சிக் கூடமே பொருத்தம். நிறுவனத்திடமும் குடும்பத்திடமும், முக்கியமாக அந்த நபரிடமும் அனுமதி கேளுங்கள். கேமரா வேண்டாம். கூட உட்கார்ந்து காகித உறை ஒட்டுங்கள். குறைந்தது பத்து நாள் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் பார்ப்பது, அந்நியர் முன்னால் அவர்கள் இருக்கும் விதத்தை. பழகியவரிடம் எப்படி, பசி நேரத்தில் எப்படி, வழக்கம் மாறினால் எப்படி என்று ஒரே ஆளைப் பல நிலைகளில் கவனியுங்கள். ஆனால் ஒருவரையே அச்சாக நகலெடுக்காதீர்கள். அவர் அந்தப் படத்தைப் பார்ப்பார்.

பேச்சில்தான் உண்மை அதிகம் பிடிபடும். கேள்வி காதில் விழுந்து பதில் வர நேரமாகும். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், ஆனால் வெறுமனே காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் கேள்வியைப் புரிந்துகொள்ள முயலுங்கள். ஆட்டிசம் உள்ள சிலர் கேட்டதையே திரும்பச் சொல்வார்கள். "சாப்பிடுறியா?" என்றால் "சாப்பிடுறியா" என்று அதே ராகத்தில் பதில் வரும், அதற்கு "ஆமாம்" என்றும் பொருள் இருக்கலாம். தனக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை "உனக்குத் தண்ணி வேணுமா" என்று கேட்பவரும் உண்டு. கையை உதறுவதும் உடம்பை ஆட்டுவதும் காரணத்தோடு வரும்: சந்தோஷம், இரைச்சல், பயம். குக்கர் விசிலை எடுத்துக்கொள்ளுங்கள். விசில் அடித்த பிறகு காதைப் பொத்துவது நடிப்பு. ஆவி சீறத் தொடங்கியதுமே கை காதுக்குப் போக வேண்டும்; அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

உடம்பும் குறைபாட்டுக்குக் குறைபாடு மாறும். டவுன் சிண்ட்ரோமில் (கூடுதல் குரோமோசோமால் பிறவியிலேயே வருவது) தசை தளர்ந்திருக்கும். மூளை முடக்குவாதத்தில் பெரும்பாலும் இறுக்கம்; பதற்றத்தில் அது கூடும், ஓய்வில் குறையும். டவுன் சிண்ட்ரோமின் முக அமைப்பை யாராலும் நடிக்க முடியாது, அந்தப் பாத்திரத்தை ஏற்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பாஸ்கல் டுகேன் 1996 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். தேடினால் நடிகர் கிடைப்பார்.

உடையைத் தாறுமாறாகக் கேட்காதீர்கள். வீட்டில் ஒருவர் தினமும் எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, சட்டையைச் சரியாகப் போட்டு அனுப்புகிறார் என்பதே பல குடும்பங்களின் நிஜம். வசனத்தில் இழிவான சொல் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வழிகாட்டுதல்கள் தந்திருக்கிறது. அவர்களுடைய அமைப்புகளைக் கலந்தாலோசிப்பதும் அதில் ஒன்று. ஒத்திகையைச் சிறப்பு ஆசிரியர் ஒருவருக்கு நடித்துக் காட்டி, "இதை இவர் ஏன் செய்கிறார்?" என்று அவரையே கேட்க விடுங்கள். பதில் இல்லாத அசைவை வெட்டுங்கள்.

காட்சிகள் வரிசையாக எடுக்கப்படுவதில்லை. அதனால் காட்சி எண், அதற்கு முன் நடந்தது, களைப்பு, கை இறுக்கம் (1 முதல் 5 வரை) என்று ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் போனால்தான் பாடலில் காலும், உச்சக்கட்ட நீள வசனத்தில் பேச்சும் திடீரென்று குணமாகிவிடுகின்றன. கையை மடக்கியே வைத்து டேக் மேல் டேக் போனால் மணிக்கட்டு வலிக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்து நீட்டுங்கள்.

டப்பிங்கில் இத்தனை உழைப்பும் கெடலாம். கை மடங்கியிருந்த காட்சிக்கு டப்பிங் அறையிலும் கையை மடக்கியே நில்லுங்கள். தோள் இறுகினால் மூச்சு மேலேயே நின்று, சொல் அங்கங்கே அறுபடும். நாற்காலியில் சாய்ந்து பேசினால் அது வராது. முடிந்தால் அந்தக் காட்சிகளுக்கு மட்டுமாவது நேரடி ஒலிப்பதிவு வேண்டும் என்று ஒப்பந்தத்தின்போதே கேட்டு வையுங்கள்.