சிலிக்கான் அலைவழி சிமுலேஷன்: படம் சரியாக இருந்தும் எண் தப்பும் இடங்கள்

ஒளி அலைவழியை, அதாவது ஒளியை வழிநடத்தும் நுண்ணிய பாதையை, கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது படத்தை நம்பித்தான். மோட் (வடிவம் மாறாமல் ஒளி அலைவழியில் பரவும் விதம்) ஒழுங்காகத் தெரியும், எண் மட்டும் தவறாக இருக்கும். 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம், சுற்றிலும் சிலிக்கா கொண்ட சிலிக்கான் அலைவழியை எடுத்துக்கொள்வோம். 1550 நானோமீட்டரில் அதன் முதல் டிஇ மோடின் (மின்புலம் கிடைமட்டமாக இருக்கும் மோட்) பயனுறு ஒளிவிலகல் எண், அதாவது அந்த மோட் மொத்தத்தில் உணரும் ஒளிவிலகல் எண், சுமார் 2.44.

முதல் தவறு, ஒளியைப் படிப்படியாக முன்னோக்கி நகர்த்திக் கணக்கிடும் பிபிஎம் முறையில், கணக்குக்கு அடிப்படையாக நாம் தரும் ஆதார ஒளிவிலகல் எண்ணை யோசிக்காமல் கொடுப்பது. சாதாரண பிபிஎம்மில் ஆதார எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, ஆதார எண்ணின் இருமடங்கால் வகுத்தால் வருவதுதான் பிழை. ஃபைபரில் சிலிக்காவின் 1.444-ஐக் கொடுத்தாலும் பிழை ஆறாவது தசம இடத்தில்தான் வரும். அதே பழக்கத்தில் இங்கும் 1.444 கொடுத்தால் 2.44 என்பது 2.78 ஆகிவிடும்! 2.40 கொடுத்தால் பிழை 0.0003 மட்டுமே. எனவே முதலில் மோட் சால்வரில் (மோட்களைக் கணக்கிடும் நிரல்) எண்ணைக் கண்டுபிடித்து அதையே கொடுங்கள். பிராக் கிரேட்டிங் (குறிப்பிட்ட அலைநீளத்தைத் திருப்பி அனுப்பும் வரிசையான அமைப்பு) போலப் பிரதிபலிப்பு முக்கியமான இடத்தில் சாதாரண பிபிஎம் வேண்டவே வேண்டாம். அதில் ஒளி முன்னோக்கி மட்டுமே போகும்.

இடத்தைச் சிறு கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு படிகளாகவும் பிரித்துக் கணக்கிடும் எஃப்டிடிடி முறையில், மெஷ் செல்லின் (அந்தக் கட்டத்தின்) அளவை மட்டும் பார்த்தால் போதாது, அது விளிம்பில் சரியாக உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 25 நானோமீட்டர் செல் போட்டால் 220-க்கு 8.8 செல் வருகிறது. விளிம்பைச் சராசரிப்படுத்தாத நிரல் அதை 225 ஆகவோ 200 ஆகவோ எடுத்துக்கொள்ளும். 20 நானோமீட்டர் என்றால் உயரத்துக்கு 11, அகலத்துக்கு 25, மிச்சமே இல்லை. செல்லை மேலும் பாதியாக்கினால் நினைவகம் 8 மடங்கு, நேரம் 16 மடங்கு ஆகும். அதனால் ஒருமுறை மட்டும் பாதியாக்கி, எண் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

கணக்கிடும் பகுதியின் எல்லையில், வெளியேறும் ஒளியை விழுங்க வைக்கும் பிஎம்எல் உறிஞ்சி அடுக்கை அலைவழிக்கு நெருக்கமாக வைத்தால் இல்லாத இழப்பு தெரியும். இந்த மோடின் வால் சிலிக்காவுக்குள் சுமார் 125 நானோமீட்டருக்கு ஒருமுறை 2.7-இல் ஒரு பங்காகக் குறைகிறது. 300 நானோமீட்டரில் இன்னும் பத்தில் ஒரு பங்குப் புலம் மிஞ்சியிருக்கும். 1 மைக்ரான் தள்ளி வையுங்கள். டிஎம் மோட் (மின்புலம் செங்குத்தாக இருக்கும் மோட்) இன்னும் பரந்தது, அதற்குக் கூடுதல் இடம் வேண்டும்.

வளைய ஒத்ததிர்வியில் (குறிப்பிட்ட அலைநீளங்கள் மட்டும் வலுப்பெறும் வளைய வடிவ அலைவழி) நடக்கும் குழப்பம் வேறு. ஒத்ததிர்வு அலைநீளங்களுக்கு இடையிலான இடைவெளியைத் தீர்மானிப்பது பயனுறு எண் அல்ல, ஒளித்துடிப்பின் வேகத்தைக் குறிக்கும் குழு ஒளிவிலகல் எண். இங்கே அது சுமார் 4.2. ஆரம் 10 மைக்ரான் என்றால் இடைவெளி 9.1 நானோமீட்டர், 2.44-ஐப் போட்டால் 15.7 என்று வரும். குழு எண்ணைக் கணக்கிடும்போது சிலிக்கானின் ஒளிவிலகல் எண் அலைநீளத்தோடு மாறுவதையும் சேர்க்க வேண்டும்.

அந்த வளையத்தின் கியூ மதிப்பு (ஆற்றலை எவ்வளவு நன்றாகத் தக்கவைக்கிறது என்பதன் அளவு) 10,000 என்றால் ஆற்றல் தங்கும் காலம் 8 பிகோசெகண்ட். எஃப்டிடிடி ஓட்டத்தை 1 பிகோசெகண்டில் நிறுத்தினால் 8 நானோமீட்டருக்குக் குறைவான நுணுக்கம் எதுவும் கிடைக்காது. மிஞ்சும் ஆற்றல் லட்சத்தில் ஒரு பங்காகும்வரை ஓட்டவோ, 20 நானோமீட்டர் செல்லுக்குச் சுமார் 25 லட்சம் படிகள் ஆகும். எனவே அலைவழியும் வளையமும் நெருங்கும் இணைப்புப் பகுதியை மட்டும் எஃப்டிடிடியில் போட்டு, மீதி வளையத்தைச் சூத்திரத்தால் கணக்கிடுவதே நல்லது.