வளவில் கிடைத்த பல்லி, ஓணான் முட்டைகளைப் பொரிக்க வைப்பது எப்படி?

சுவர்ப் படத்தைக் கழற்றினால் பின்னால் இரண்டு வெள்ளை முட்டை. வெங்காயப் பாத்திக்கு மண் கொத்தினால் உள்ளே பத்துப் பன்னிரண்டு முட்டை. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. இருந்த இடத்திலேயே விட முடியுமென்றால் விட்டுவிடுங்கள், அதைவிட நல்ல வழி கிடையாது. பெயின்ட் அடிக்க வேண்டும், பாத்தி ஏற்கெனவே கொத்தியாயிற்று என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

யாருடைய முட்டை?

பல்லி முட்டை பெரும்பாலும் இரண்டாகக் கிடக்கும். உருண்டையாக, ஒரு சென்ரிமீற்றர் அளவில், சுண்ணாம்பு ஓட்டோடு இருக்கும். ஓணான் முட்டை நீள்வட்டம், ஓடு மெத்தென்றிருக்கும், மண்ணுக்குள் கூட்டமாகக் கிடக்கும்.

ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் கை வைக்க வேண்டாம், பாம்பு முட்டையாக இருக்கலாம். கண்ணாடி விரியனும் சுருட்டையும் குட்டி போடுபவை. ஆனால் நாகமும் சாரையும் முட்டையிடும். நாகக் குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே விஷத்தோடுதான் வரும். உடும்பு முட்டையையும் தொடாதீர்கள், அது சட்டம் பாதுகாக்கும் விலங்கு.

எடுக்கும்போது

பாதி முட்டைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கோழி அடைகாக்கும்போது முட்டையை அடிக்கடி உருட்டிவிடும். பல்லி, ஓணான் முட்டைக்கு அது ஆகவே ஆகாது. இட்டுக் கொஞ்ச நாளிலேயே கரு ஓட்டின் உள்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு புரட்டினால் கரு செத்துவிடலாம்.

அதனால் தூக்குவதற்கு முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மார்க்கர் மை வேண்டாம். தேக்கரண்டியால் அடியோடு அள்ளி, புள்ளி மேலே இருக்கும்படியே பெட்டிக்குள் வையுங்கள். பல்லி முட்டை சுவரோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ஓடு உடைந்துவிடும். துளையிட்ட சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, டேப் போட்டு ஒட்டிவிட்டால் போதும்.

பெட்டி

பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று போதும். மூடியில் சூடான ஊசியால் நாலைந்து துளை போடுங்கள்.

பல்லி முட்டைக்கு அடியில் காய்ந்த மணலோ பேப்பரோ விரித்தால் சரி. அதை நனைக்கத் தேவையில்லை.

ஓணான் முட்டை சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வளரும், நாளாக நாளாகப் பருக்கும். கழுவிய தும்புத்தூளும் ஆற்று மணலும் கலந்து மூன்று அங்குலம் நிரப்புங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. ஈரம் பிட்டுக்குக் குழைத்த மா போல இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபடும், தட்டினால் உதிரும், தண்ணீர் சொட்டாது. அதில் முட்டையைப் பாதிவரை புதைத்து வையுங்கள்.

சூடு

குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கென்று ஹீட்டர் வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. 27 முதல் 30 பாகை செல்சியஸ் போதும், அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நமக்குச் சிக்கல் கூடுதல் சூடுதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஓரத்தில் வைத்தால் முட்டை அவிந்துவிடும். ஓட்டு வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைப்பதே என் தெரிவு. பல்ப் போடவே வேண்டாம்.

அடுத்த எதிரி எறும்பு. தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் பெட்டியை வையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லையென்றால் நுளம்பு பெருகும், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவார்!

காத்திருக்கும் காலம்

கிழமைக்கு ஒருமுறை இருட்டில் போன் டோர்ச்சைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முட்டையைத் தூக்க வேண்டாம். சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்தும் வெறும் மஞ்சளாகவே இருந்தால் நம்பிக்கை குறைவு. ஓணான் முட்டை ஆரம்பத்திலேயே குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. பெட்டி ஓரமாகத் தண்ணீர் விடுங்கள், முட்டைமேல் ஊற்றாதீர்கள். மாரி காலத்தில் பூஞ்சணம் பிடித்து அழுகிய முட்டையை உடனே அகற்றுங்கள்.

ஓணான் முட்டை ஆறு, ஏழு வாரத்தில் பொரிக்கும். பல்லிக்கு ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். சூடு குறைந்தால் நாள் கூடும்.

குஞ்சு வரும்போது

குஞ்சின் மூக்கு நுனியில் ஓட்டைக் கிழிக்கவென்றே சின்னப் பல் உண்டு. பல்லிக் குஞ்சுக்கு இரண்டு. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். உள்ளே மஞ்சள் கரு இன்னும் உறிஞ்சப்படுகிறது, இழுத்து உதவி செய்யப் போகாதீர்கள்.

வெளியே வந்ததும் வளர்க்க ஆசைப்பட வேண்டாம். பல்லிக் குஞ்சை இரவில் சுவரோரம் விடுங்கள். ஓணான் குஞ்சைக் காலையில் கிளுவை வேலிக்குள், காகமும் பூனையும் இல்லாத நேரம் பார்த்து விடுங்கள். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், இவற்றின் உடம்பில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். மூன்று மாதமாகியும் பொரிக்காத முட்டைகளைக் குப்பையில் போடாமல் வாழையடியில் புதைத்துவிடலாம்.